வீட்டைக் கழுவியும் ஏன் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது?

கேள்வி: குடவாசல் பக்கம் ஒரு கிராமத்தில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். தீபாவளிக்குத் திருப்பூரிலிருந்து வந்த என் கொழுந்தனார் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இருமலோடு இறங்கினார். இரண்டாம் நாள் பெரிய பையன், அப்புறம் நான், என் கணவர், சின்னவள் என்று வரிசையாகப் படுத்துவிட்டோம். சர்க்கரை உள்ள என் மாமியாருக்கு நிமோனியாவாகி, தஞ்சாவூரில் சேர்த்துத்தான் காப்பாற்றினோம். ஃப்ளூ என்று சொன்னார்கள். நான் தினமும் பினாயில் போட்டு வீடு துடைக்கிறவள். அந்த வாரம் பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் கலந்து கூடம் முழுக்கக் கழுவினேன், பிள்ளைகளை டெட்டால் தண்ணீரில் குளிப்பாட்டினேன். அப்படியும் "வீட்டில் சுத்தம் போதாது, அதான்" என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். மாமியாரோ, மழை நாளில் தலைக்கு ஊற்றிவிட்டதால்தான் என்கிறார். இனிமேல் வராமலிருக்க என்ன செய்யணும்? ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா? சளி இருந்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

பதில்:

சகோதரி, மற்றதெல்லாம் அப்புறம். பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் இனி ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கண் எரியும், தொண்டை கமறும், கதவு சாத்திய கூடத்தில் அதைச் சுவாசித்தால் நல்ல நுரையீரலே புண்ணாகும், ஏற்கெனவே இருமிக்கொண்டிருப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். கழிவறைக்கு ஆசிட் ஊற்றினால் அன்றைக்கு அது மட்டும்தான், நிறைய தண்ணீர் விட்டு அலசின பிறகுதான் வேறு எதுவும்.

சரி, இப்போது உங்கள் மேல் விழுந்த பழிக்கு வருவோம். உங்கள் வீட்டில் ஃப்ளூ பரவியதற்கும் தரை சுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதை உங்கள் சொந்தக்காரர்களிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஃப்ளூ வைரஸ் நோயாளியின் மூக்கிலும் தொண்டையிலும் பெருகுகிறது. அவர் இருமும்போது, தும்மும்போது, ஏன், பேசும்போதுகூடத் தெறிக்கும் சின்னச் சின்னத் துளிகளில் வெளியே வந்து பக்கத்தில் இருப்பவரின் மூக்கு, வாய், கண்ணில் படுகிறது. மிக நுண்ணிய துளிகள் காற்றோட்டம் இல்லாத அறையில் கொஞ்ச நேரம் மிதந்துகொண்டும் இருக்கும். பெரிய வழி இதுதான். இதற்கு அடுத்தது கை: மூக்கைச் சிந்திய கை குழாயைத் தொடுகிறது, அந்தக் குழாயைத் தொட்ட இன்னொரு கை கண்ணைக் கசக்குகிறது. தரையில் கிடக்கிற கிருமி எழுந்து உங்கள் மூக்குக்கு வருவதில்லை. பினாயில் போட்டுத் துடைப்பது ஈ மொய்க்காமலும் நாற்றம் இல்லாமலும் இருக்க நல்லதுதான், ஆனால் காய்ச்சலோடு எழுந்து நின்று கூடத்தைக் கழுவின அந்த உழைப்பு ஃப்ளூ விஷயத்தில் வீண். அந்தத் தெம்பை வேறு இடத்தில் செலவழித்திருந்தால் உங்களுக்கும் ஓய்வு கிடைத்திருக்கும், மாமியாருக்கும் கொஞ்சம் பாதுகாப்பு இருந்திருக்கும்.

வைரஸ் உடம்புக்குள் போனால் 1 முதல் 4 நாளில், பெரும்பாலும் 2 நாளில், காய்ச்சல் தெரியும். ஆனால் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அவர் மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார், அதன்பின் 5 முதல் 7 நாள் வரை பரப்புவார், சின்னப் பிள்ளைகள் இன்னும் சில நாள் கூடுதலாகவே. அதனால் உங்கள் கொழுந்தனார் வந்த ராத்திரி எல்லோரும் ஒரே கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து, சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்திப் படுத்திருந்தால் அன்றைக்கே வேலை முடிந்தது. அவரையும் குறை சொல்லாதீர்கள். பண்டிகைக்கு வீடு வந்து சேர, நிற்க இடமில்லாத பஸ்ஸில் வந்தவர், அவருக்கும் அது யாரிடமிருந்தோ வந்ததுதான்.

மாமியார் சொல்வதிலும் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. மழையோடு ஃப்ளூ வருவது உண்மை. வட இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை மாதங்களிலும் குளிர்காலத்திலும் தலைதூக்கும் ஃப்ளூ, நம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையோடு உச்சத்துக்குப் போகிறது. ஜன்னல் சாத்திய வீடு, தார்ப்பாய் இறக்கிவிட்ட ஆட்டோ, கண்ணாடி ஏற்றிய டவுன் பஸ், இவையெல்லாம் சேரும் காலம் அது. அதோடு நம் பக்கத்தில் ஐப்பசி என்றாலே கூட்டம். தீபாவளி, மயிலாடுதுறை துலாக் கட்டத்தில் காவிரி முழுக்கு, மாதக் கடைசியில் கடைமுக முழுக்கு என்று ஊர் ஊராகச் சனம் ஒன்று சேர்கிறது. யாரையும் போகாதே என்று சொல்ல மாட்டேன், ஆனால் சர்க்கரை உள்ள வயதானவர் போகிறார் என்றால் பஸ்ஸிலும் கூட்டத்திலும் முகக்கவசம் போட்டுக்கொண்டு போகட்டும். மற்றபடி தலைக்கு ஊற்றியதால் ஃப்ளூ வராது. மழையில் நனைந்தால் துவட்டிவிட்டு உலர்ந்த துணி மாற்றுங்கள், நடுங்குகிற குழந்தைக்கு அது தேவை. ஆனால் வைரஸ் இன்னொரு மனிதரிடமிருந்துதான் வந்தாக வேண்டும்.

அப்படியென்றால் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் இருமல் தொடங்கியதும் முதல் வேலை என்ன? ஜன்னலைத் திறப்பது. எதிரெதிரே இரண்டு திறப்பு இருந்தால் இன்னும் நல்லது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் முற்றம் இருந்தது, வருகிறவர் உட்காரத் திண்ணை இருந்தது, காற்று தானாகவே மாறிக்கொண்டிருந்தது. இப்போது கான்கிரீட் வீட்டில் கொசுவுக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஃபேனை மட்டும் சுழல விடுகிறோம், அது அதே காற்றைத்தான் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி அடிக்கும். கொசுவலை அடித்த ஜன்னல் என்றால் தைரியமாகத் திறந்து வையுங்கள். நோயாளிக்குத் தனி அறை இருந்தால் சரி, இல்லாவிட்டால் ஜன்னல் ஓரத்து மூலை. மற்றவர்கள் ஆறடி தள்ளிப் படுக்கட்டும், தலைமாட்டோடு தலைமாடு வேண்டாம். கவனித்துக்கொள்ள ஒரே ஆள் போதும், அந்த ஆள் உங்கள் மாமியாராக இருக்கக் கூடாது. பேரன் காய்ச்சலில் கிடந்தால் மடியில் போட்டுக்கொள்ளாமல் எந்தப் பாட்டிக்கும் மனசு ஆறாது, எனக்குத் தெரியும், ஆனால் அந்த வீட்டில் ஃப்ளூவினால் ஆபத்து அதிகம் உள்ளவர் அவர்தான். நோயாளி எழுந்து நடமாடும்போது முகக்கவசம் போடட்டும், பக்கத்தில் போய்க் கஞ்சி கொடுப்பவரும் போடட்டும்.

முகக்கவசத்தாலும் விலகி இருப்பதாலும் என்ன பெரிசாக ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஃப்ளூ பி வகையில் யமகாட்டா என்று ஒரு கிளை ஆண்டாண்டாக மனிதரிடையே சுற்றிவந்தது. உலகமே கொரோனாவுக்காக வாயை மூடிக்கொண்டு விலகி நின்ற 2020 மார்ச்சுக்குப் பிறகு, அது எந்த நாட்டிலும் பரவுவதாக உறுதிப்படவில்லை. அதனால் நாலு வகைக்கான ஃப்ளூ தடுப்பூசியில் நாலாவதாக இருந்த யமகாட்டா இனி தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

அப்புறம், உடம்பு விசாரிக்க வருகிறவர்கள். ரொட்டியும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு வந்து, கட்டில் ஓரத்தில் நெருக்கி உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவார்கள். அன்பினால் வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் தயங்குவீர்கள். டாக்டர் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று பழியை எங்கள் மேல் போடுங்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்து அனுப்பலாம், மரியாதையும் குறையாது.

கைக்கு வருவோம். உங்கள் வீட்டில் அடுப்படிக் கதவு ஆணியில் ஒரு துண்டு தொங்குகிறதா? அநேகமாக எல்லா வீட்டிலும் தொங்கும். காலையில் முகம் கழுவிய எல்லோரும் அதில்தான் துடைப்பார்கள், சாப்பிட்டுக் கை கழுவியவர்களும் அதில்தான், பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் அதன் ஒரு முனைதான், அவசரத்துக்கு டம்ளரைத் துடைப்பதும் அதே துண்டுதான், மழைக்காலத்தில் அது நாலு நாளானாலும் காயாது. சோப்பு போட்டுக் கழுவிய கையைக் கொண்டுபோய் அதில் துடைத்தால் கழுவியதில் பாதி பலன் போய்விடும். ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு, தனித்தனி ஆணி. பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டால் கூடப் போதும், செலவே இல்லை. இருமும்போது வாயைப் பொத்திக்கொள்ளும் முந்தானையும் தோள் துண்டும் இதே கதைதான். பொத்தியதோடு விடுவதில்லை, அதாலேயே பிள்ளை முகத்தையும் துடைத்துவிடுகிறோம். துணி கையில் இல்லாவிட்டால் முழங்கை மடிப்பில் இருமப் பிள்ளைகளைப் பழக்குங்கள். உள்ளங்கையில் இருமினால் அடுத்த நொடி அது கதவுத் தாழ்ப்பாளில் இருக்கும்.

கை கழுவுவது 20 விநாடி. விரல் நுனியை மட்டும் நனைத்து உதறுவது கழுவுவது ஆகாது. பெருவிரல், விரலிடுக்கு, நகக்கண், புறங்கை, இந்த இடங்கள்தான் எப்போதும் விட்டுப்போகும். சோப்பு எதுவானாலும் சரி, கிருமிநாசினி சோப்பு என்று விலை கூட்டி விற்பதை வாங்க வேண்டியதில்லை. ஃப்ளூ வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான ஒரு மெல்லிய உறை இருக்கிறது. மீன் குழம்புச் சட்டியின் பிசுக்கு வெறும் தண்ணீரில் போகாமல் சோப்பில் கரைவதுபோல, சோப்பு பட்டால் அந்த உறை பிய்ந்து வைரஸ் செயலிழந்துவிடும். எப்போதெல்லாம் என்றால், சாப்பிடும் முன், சமைக்கும் முன், குழந்தைக்கு ஊட்டும் முன், மூக்கைச் சிந்திய பின், வெளியே போய் வீட்டுக்குள் நுழைந்ததும். இவ்வளவு வலியுறுத்தக் காரணம், நமக்குத் தெரியாமலே கை முகத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். சிட்னியில் மருத்துவ மாணவர்களையே உட்கார வைத்துக் கவனித்த ஓர் ஆய்வில், சராசரியாக மணிக்கு 23 முறை முகத்தைத் தொட்டார்கள்.

ஸ்டீல், பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்பில் இந்த வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை தாங்கும், துணியிலும் காகிதத்திலும் 8 முதல் 12 மணி நேரம். எனவே துடைக்கத்தான் வேண்டும் என்று உங்கள் கை பரபரத்தால் தரையை விட்டுவிட்டு செல்போன், ரிமோட், சுவிட்ச், குழாய்த் திருகு, தாழ்ப்பாள், தண்ணீர்ப் பானையில் மொள்ளும் டம்ளர், இவற்றைத் துடையுங்கள். காய்ச்சல் இருக்கும் நாட்களில் தினம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி போதும். (செல்போனுக்கு மட்டும் லேசாகச் சானிடைசர் நனைத்த துணி.) குளிக்கிற தண்ணீரில் டெட்டால் தேவையில்லை, பிள்ளைகளின் தோல்தான் வறண்டுபோகும்.

சானிடைசர் வாங்குவதானால் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பஸ்ஸுக்கும் கடைவீதிக்கும் அது வசதி. வயலில் இறங்கிச் சேறு அப்பிய கைக்கு அது பிரயோஜனப்படாது, சோப்பும் தண்ணீரும்தான். வாந்தி பேதியைக் கொண்டுவரும் நோரோ வைரஸுக்கும் ஆல்கஹால் சரியாக வேலை செய்யாது. இன்னொன்று, அது தீப்பற்றும். தடவிய கை காயும் முன்னே அடுப்பு பற்ற வைப்பதோ விளக்கேற்றுவதோ மத்தாப்பு கொளுத்துவதோ கூடாது, பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

நடவு வயலுக்குக் கேனில் டீ போகும், பத்துப் பேருக்கு இரண்டு டம்ளர் போகும், குடித்ததை வாய்க்கால் தண்ணீரில் அலசி அடுத்தவரிடம் கொடுப்பார்கள். கடையிலும் பல இடங்களில் ஒரே வாளித் தண்ணீரில் காலை முழுக்கக் கிளாஸை முக்கி எடுப்பதுதான் நடக்கிறது, பத்து மணிக்கு அந்தத் தண்ணீர் நிறம் மாறியிருக்கும். ஃப்ளூவுக்கு இது முக்கிய வழி இல்லையென்றாலும், எச்சில் வழியாகப் போகிற பல நோய்களுக்கு நல்ல வழி. உங்கள் கணவர் தன் டம்ளரைக் கையோடு எடுத்துப்போகட்டும். தண்ணீரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கம் அருமையானது, பாட்டிலைக் கடித்துக் குடிக்கப் பழகிவிட்ட பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

ஒரு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டெல்டாவில் இருக்கிற நான் சொல்லாமல் விட முடியாது. இதே மழைக்காலத்தில் வருகிற காய்ச்சல் எல்லாம் ஃப்ளூ இல்லை. சேற்றில் இறங்கி வேலை செய்கிற உங்கள் கணவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் தொட முடியாமல் வலித்து, கண் சிவந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீர் காலில் இருக்கும் வெடிப்பு வழியாக உடம்புக்குள் போவதால் வருவது அது. அக்குள், தொடை இடுக்கு மாதிரி மறைவான இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த புண் இருந்தால் உண்ணிக்காய்ச்சல். இவை இரண்டும் பாக்டீரியா வகை, சரியான ஆன்டிபயாடிக்கை நேரத்தோடு தொடங்கினால் குணமாகும், தள்ளிப்போட்டால் சிறுநீரகம், நுரையீரல் வரை போகும். டெங்குவும் இந்தச் சமயத்தில்தான். ஆகவே சளி இருமல் இல்லாமல் வெறும் காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் ஃப்ளூதானே என்று வீட்டில் படுத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், வயலில் இறங்குகிறேன் என்பதையும் வாயால் சொல்லி, ரத்தம் பார்த்துவிடுங்கள்.

மருந்துக் கடையில் "காய்ச்சலுக்குக் கொடுங்கள்" என்று கேட்டு இரண்டு வேளைக்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதை நிறுத்துங்கள். ஃப்ளூ வைரஸை அது ஒன்றும் செய்யாது. ஊசி போட்டால்தான் சரியாகும் என்று டாக்டரை வற்புறுத்தவும் வேண்டாம். திடமான ஆளுக்கு ஓய்வு, கஞ்சி, ரசம், நிறைய தண்ணீர், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஒரு வாரத்தில் எழுந்துவிடுவார், இருமலும் அசதியும் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும். பிள்ளைகளுக்குப் பாராசிட்டமால் எடைக்குத் தகுந்த அளவுதான், ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் ஆறு மணி நேர இடைவெளி. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது, ஃப்ளூவின்போது அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஓர் அரிய நோயைக் கொண்டுவரக்கூடும். உடம்பு வலிக்கு என்று கடையில் தரும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகைகளும், டெங்கு இல்லை என்று தெரியும்வரை யாருக்கும் வேண்டாம். ஆவி பிடித்தால் மூக்கடைப்புக்கு இதம், வைரஸ் சாகாது. கொதிக்கும் சட்டிக்கு மேல் போர்வை போட்டுப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள், கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளை நாங்கள் பார்க்கிறோம்.

ஃப்ளூவுக்கென்றே ஓசல்டாமிவிர் என்று ஒரு மாத்திரை உண்டு. அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். எல்லோருக்கும் அது தேவையில்லை, உங்கள் மாமியார் போன்றவர்களுக்குத் தேவை. சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 65 வயது தாண்டியவர்கள், சின்னக் குழந்தைகள், இவர்களுக்கு இருமல் காய்ச்சல் வந்தால் பார்க்கலாம் என்று நாள் கடத்தாமல் முதல் நாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சாதாரண ஃப்ளூவுக்கு எல்லோருக்கும் பரிசோதனை எடுக்கவில்லையே என்று கோபப்பட வேண்டாம், ஆபத்து உள்ளவர்களுக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே மாத்திரை தொடங்கலாம் என்பதுதான் அரசு வழிகாட்டுதலும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சு குழறி மயக்கமாக இருந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, விட்ட காய்ச்சல் இருமலோடு மறுபடி ஏறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிஜன் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள், 94-க்குக் கீழே போனால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மாமியாருக்குக் காய்ச்சல் நாட்களில் சர்க்கரை ஏறும், சாப்பாடும் இறங்காது. அதனால் மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்தாமல், கூட்டாமல், மருத்துவரைக் கேட்டே மாற்றுங்கள்.

தடுப்பூசி கேட்டிருந்தீர்கள். மாமியாருக்குக் கட்டாயம் போடுங்கள். ஃப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதாலும் ஊசியின் பலம் மாதங்களில் குறைவதாலும் வருடா வருடம் போட வேண்டும். உடம்பு தயாராக இரண்டு வாரம் பிடிக்கும், நமக்கு அக்டோபரில் தொடங்கிவிடுவதால் செப்டம்பருக்குள் போட்டுக்கொள்வது நல்லது. உங்கள் வீட்டில் வந்துபோனதே, இந்த வருடம் எதற்கு என்று விட வேண்டாம், வேறு வகை வந்து தாக்கலாம். போட்டவருக்கும் ஃப்ளூ வரலாம். வைரஸும் ஊசியும் நன்றாகப் பொருந்துகிற வருடங்களிலேயே 40 முதல் 60 சதவீதம்தான் தடுக்கும், ஆனால் நிமோனியா, ஆஸ்பத்திரி என்று போவது நன்றாகக் குறையும், நமக்கு வேண்டியது அதுதான். ஊசியில் இருப்பது செத்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது, கை வலியும் ஒன்றிரண்டு நாள் உடம்பு கதகதப்பும் இருக்கலாம். கர்ப்பிணிகளும் போடலாம், பிறக்கும் குழந்தைக்கும் அது முதல் சில மாதம் காப்பு. குழந்தைகளுக்கு 6 மாதத்துக்கு மேல்தான். 9 வயதுக்குக் கீழே முதல் தடவை போடுவதானால் நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி. கையில் பணம் பார்த்துத்தான் செய்ய முடியும் என்றால் முதலில் மாமியாருக்கு, அடுத்து அவரைக் கவனித்துக்கொள்கிற உங்களுக்கு, அப்புறம் பிள்ளைகளுக்கு. மாமியாருக்கு நிமோனியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியும் போடலாமா என்று அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

பள்ளி விஷயம்: வெறும் மூக்கு ஒழுகல், பிள்ளை ஓடியாடுகிறான் என்றால் முகக்கவசமும் தனித் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து அனுப்பலாம். காய்ச்சல் இருந்தால் மாத்திரை கொடுத்து இறக்கிவிட்டு அனுப்பாதீர்கள், மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு போகட்டும், பரீட்சை நாளாக இருந்தாலும் வகுப்பாசிரியரிடம் பேசிப் பாருங்கள்.